பலூனுக்கு முகம் வரைந்தது யார்?

சென்னையின் மேற்கு ஓரத்திலுள்ள நூம்பலுக்கு வடக்கே ஒரு பூந்தமல்லிச் சாலை, தெற்கே இன்னொன்று. வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கினால், மறுமுனையில் ஐயப்பன்தாங்கல் வந்து மவுண்ட் பூந்தமல்லி சாலையில் சேர்த்துவிடும். கிழக்கே போனால் சாலிகிராமம், வடபழனி, கோடம்பாக்கம். மேற்கே பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. பிலிம் சிட்டி. போதாக்குறைக்கு, பூந்தமல்லிக்குப் பக்கத்திலேயே 500 கோடி ரூபாயில் நவீனத் திரைப்பட நகரம் ஒன்று வரும் என்று 2024இல் தமிழக அரசு அறிவித்தது. இரண்டு பக்கமும் சினிமா எடுக்கிறார்கள். நடுவில் இந்த ஊர்.

எடுக்கக் கற்றுத்தரவும் இடங்கள் உண்டு. தரமணியில் அரசுத் திரைப்படக் கல்லூரி, சாலிகிராமத்தில் எல்.வி. பிரசாத் பெயரில் ஓர் அகாடமி. ஆனால் படம் பார்க்கக் கற்றுத்தர ஓர் இடம் வேண்டும் என்றால் சிரிப்பார்கள். பார்ப்பதற்கு என்ன பயிற்சி? இரண்டு வயதுப் பிள்ளை செல்போனைப் பிடுங்கிப் பார்க்கிறதே! மூன்று தலைமுறையாகச் சினிமாக்காரர்களைக் கோட்டையில் உட்கார வைத்த மாநிலத்தில், ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசுவதற்குப் பள்ளிக்கூட நேர அட்டவணையில் ஒரு மணி நேரம் கிடைக்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த ஆண்டுதான் பள்ளிக் கல்வித் துறை அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் திரைப்படம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு. இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம் வரிசையில் திரைப்பட மன்றமும் வந்து சேர்ந்தது. முதலில் திரையிட்டது தமிழ்ப் படமல்ல, இந்தியப் படமும் அல்ல. ஆல்பர்ட் லாமொரிஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1956இல் எடுத்த ‘சிவப்பு பலூன்’. ஓடும் நேரம் 34 நிமிடம். வசனம் என்று சொல்லிக்கொள்ள அனேகமாக ஒன்றுமில்லை. பாரிசின் மெனில்மோந்தான் பகுதியில் ஒரு சிறுவன், அவன் பின்னாலேயே வரும் ஒரு பலூன், அவ்வளவுதான். சிறுவனாக நடித்தது இயக்குநரின் மகன் பாஸ்கல். கான் விழாவில் குறும்படங்களுக்கான உயரிய பரிசு கிடைத்தது. இதைவிட வேடிக்கை, பேச்சே இல்லாத இந்தப் படம் சிறந்த மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கர் வாங்கியது. முழுநீளப் படங்களோடு மோதி அந்த விருதை வென்ற குறும்படம் வேறு கிடையாது.

அடுத்து வந்த மாதங்களில் சாப்ளினின் ‘தி கிட்’, சந்தோஷ் சிவனின் ‘மல்லி’ என்று பட்டியல் நீண்டது. வசனமில்லாத படத்தில் தொடங்கியவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர். அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் ஒரு வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும்: தமிழ் வீட்டுமொழியாக உள்ள பிள்ளைகளோடு தெலுங்கு, இந்தி, ஒடியா பேசுகிற வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பாடப்புத்தகம் திறந்தால் சிலர் பின்தங்கிவிடுவார்கள். பேசாத படம் ஓடினால் எல்லோருக்கும் ஒரே தொடக்கக் கோடு.

சரி, அந்தக் கோட்டிலிருந்து புறப்பட்டுப் போகிற பிள்ளையின் தலைக்குள் என்னதான் நடக்கிறது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

திரையில் எதுவும் அசைவதில்லை. நொடிக்கு 24 நிழற்படங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன, போகின்றன. ரீல் ஓட்டிய காலத்தில் ஒரு படம் போய் அடுத்த படம் வந்து நிற்பதற்குள் ப்ரொஜெக்டரின் ஷட்டர் வெளிச்சத்தை மறைக்கும். கண்ணைக் கூசவைக்கும் மினுக்கல் தெரியாமல் இருக்க ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை காட்டும். கணக்குப் போட்டால், டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து இரண்டரை மணி நேரம் படம் பார்த்த நம் தாத்தா பாட்டிகள் அதில் ஏறத்தாழ பாதி நேரம் வெறும் இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கொடுத்த காசுக்கு மீதிப் பாதியை மூளை போட்டுக் கொடுத்தது.

கண்ணில் ஒரு பிம்பம் கொஞ்ச நேரம் தங்கும், அது மறைவதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் அசைவதுபோலத் தெரிகிறது என்று நாம் பள்ளியில் படித்த விளக்கம் போதாது. பிம்பம் தங்குவது மட்டுமே காரணமாக இருந்தால், ஓடுகிற மனிதனின் இருபது கால்களும் ஒன்றின்மேல் ஒன்று அப்பிக்கொண்டு ஒரு கறையாகத்தான் தெரிய வேண்டும். 1912இல் ஜெர்மன் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் இதை எளிய சோதனையில் காட்டினார். இரண்டு கோடுகள், ஒன்று இங்கே ஒளிர்ந்து அணைகிறது, இன்னொன்று அங்கே ஒளிர்கிறது. இடைவெளி அதிகமானால் இரண்டு தனித்தனிக் கோடுகள் தெரியும். மிகக் குறைந்தால் இரண்டும் ஒரே சமயத்தில் ஒளிர்வதாகத் தெரியும். நடுவில், நொடியில் சுமார் பதினாறில் ஒரு பங்கு இடைவெளி விட்டால், ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்வதாகப் பார்ப்பவர் சத்தியம் செய்வார். அசைவு திரையில் இல்லை. பார்க்கிறவருக்குள் நடக்கிறது.

அடுத்த புதிர் வெட்டு. கதவைத் திறக்கிற கை ஒரு துண்டு, அறைக்குள் நுழையும் ஆள் இன்னொரு துண்டு. நிஜ உலகத்தில் நம் கண் முன்னால் இருக்கும் காட்சி இப்படித் திடீரென்று மாறினால் மயங்கி விழுந்துவிடுவோம். திரையில் மாறினால் கவனிக்கக்கூட மாட்டோம். இது பழக்கத்தால் வந்ததா, இயல்பிலேயே உள்ளதா? சினிமாவே பார்க்காத மனிதர்களிடம் கேட்டால்தான் தெரியும். இந்தக் காலத்தில் அப்படி யார் இருக்கிறார்கள்? இருந்தார்கள். ஸ்டெபான் ஷ்வான், செர்மின் இல்திரார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் துருக்கியின் தெற்கிலுள்ள மலைக் கிராமங்களுக்குப் போய், சினிமாவோ தொலைக்காட்சியோ பார்த்துப் பழக்கமில்லாத பெரியவர்களுக்குச் சின்னச் சின்னப் படத்துண்டுகளைக் காட்டி, என்ன நடந்தது என்று சொல்லச் சொன்னார்கள். 2010இல் முடிவுகள் வெளியாயின. தங்களுக்குத் தெரிந்த வேலை ஒன்று படிப்படியாகத் திரையில் நடந்தால், இடையில் எத்தனை வெட்டு இருந்தாலும் அவர்கள் கதையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த இழை இல்லாமல், வெறும் பார்வைக் கோண மாற்றங்களாக வந்த துண்டுகளில்தான் தடுமாறினார்கள். ஆக, வெட்டுகளைத் தைப்பது பாதி சினிமாப் பழக்கம், பாதி வாழ்க்கைப் பழக்கம்.

பலூனுக்கு வருவோம். அதற்குக் கண் இல்லை, வாய் இல்லை. கயிற்றில் கட்டிய ரப்பர்ப் பை. ஆனால் படம் தொடங்கிச் சில நிமிடங்களில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும், அது குறும்பு செய்கிறது, காத்திருக்கிறது, கோபித்துக்கொண்டது என்று சொல்லும். இதையும் ஆய்வகத்துக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். 1944இல் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் ஃப்ரிட்ஸ் ஹைடரும் மரியான் சிம்மெலும் ஒரு குட்டி அசைவுப்படம் செய்தார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், திறந்து மூடும் கதவுள்ள ஒரு கட்டம். வேறு எதுவும் இல்லை. பார்த்த 34 மாணவிகளிடம் என்ன பார்த்தீர்கள் என்று எழுதச் சொன்னபோது, வடிவங்கள் நகர்ந்ததாக மட்டும் எழுதியவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் எல்லோரும் எழுதியது சண்டை, துரத்தல், அடாவடி, காதல். பெரிய முக்கோணத்தை ரவுடியாக்கியிருந்தார்கள்.

லாமொரிஸ் இந்த ஆய்வைப் படித்திருப்பாரா என்பது பிரச்சினையல்ல. அவர் அறிந்ததும் அதுதான்: ஒரு பொருள் தானாகக் கிளம்பினால், நின்றால், திரும்பினால், இன்னொன்றைத் தொடர்ந்தால், பார்க்கிறவர் அதற்குள் ஒரு மனத்தைப் பொருத்திவிடுவார். முகம் தேவையே இல்லை.

பிள்ளைகளில் இந்தத் திறன் எப்போது முளைக்கிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹிலரி ரிச்சர்ட்சன் குழு மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 122 குழந்தைகளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, ‘பார்ட்லி கிளவுடி’ என்ற ஆறு நிமிடத்துக்கும் குறைவான பிக்சார் படத்தைக் காட்டியது. அதிலும் வசனம் கிடையாது. ஒரு மேகமும் ஒரு நாரையும் நண்பர்கள். நாரை கடி வாங்குகிறது, குத்து வாங்குகிறது, அங்கெல்லாம் உடல்வலி. ஓரிடத்தில் நாரை தன்னை விட்டுப் போகிறது என்று மேகம் நினைத்துக்கொள்கிறது, அங்கே மனவலி. 2018இல் வெளியான முடிவு இது: அடுத்தவர் உடல் படும் பாட்டுக்கு ஒரு வலைப்பின்னல், அடுத்தவர் நினைப்புக்கு வேறொரு வலைப்பின்னல் என்று மூன்று வயதிலேயே மூளையில் பிரிந்துவிட்டிருக்கிறது. வயது ஏற ஏற அந்தப் பிரிவு துலக்கமாகிறது. ஆறாம் வகுப்புக்கு வந்து உட்காரும் பிள்ளை, மேகம் என்ன நினைத்தது, அது நினைத்தது சரியா தப்பா என்று வாதாடத் தயாராக வருகிறது. வாதாட ஓர் இடம்தான் வேண்டும்.

இதுவரை சொன்னது தனியாகப் பார்த்தாலும் நடக்கும். போர்வைக்குள் செல்போனில் பார்த்தாலும் பலூனுக்கு உயிர் வரும். கூட்டமாகப் பார்த்தால் என்ன கூடுதல்?

ஜப்பானில் தமாமி நகானோவும் சகாக்களும் 2009இல் ஒரு சின்ன விஷயத்தை அளந்தார்கள்: கண் சிமிட்டல். நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து தடவைக்கு மேல் சிமிட்டுகிறோம். கண்ணை ஈரமாக வைக்க அவ்வளவு தேவையில்லை. மிஸ்டர் பீன் படம் காட்டியபோது, பார்த்தவர்களின் சிமிட்டல்கள் ஒரே கணங்களில் வந்து விழுந்தன. பீன் ஒரு வேலையை முடிக்கும் இடம், அவர் திரையில் இல்லாத இடம் போன்ற சமயங்களில். முக்கியமான எதையும் தவறவிடாத கணமாகப் பார்த்து எல்லோர் இமைகளும் சேர்ந்து மூடின. இயற்கைக் காட்சிகளை ஓடவிட்டபோது இந்த ஒற்றுமை வரவில்லை. ஹாரி பாட்டர் கதையை வாசித்துக் கேட்கவைத்தபோதும் வரவில்லை. அந்தச் சோதனையில் பார்த்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. படம் ஒன்றே அவர்களைத் தாளம் தப்பாமல் கட்டியது.

மூளைக்குள்ளும் அப்படித்தான். ஊரி ஹாசன் குழு 2008இல் வெளியிட்ட ஒப்பீடு எனக்கு மிகவும் பிடித்தது. ஹிட்ச்காக் இயக்கிய ஒரு தொலைக்காட்சிக் கதையைப் பார்த்தவர்களின் மூளைப் புறணியில் 65 சதவீதத்துக்கும் மேற்பட்ட பகுதி ஆளுக்கு ஆள் ஒத்து இயங்கியது. ஒரு பூங்காவில் கேமராவை நட்டுவைத்து வெட்டாமல் எடுத்த காட்சியில் அந்த ஒப்புமை 5 சதவீதத்துக்கும் கீழே. ஹிட்ச்காக் தன் பார்வையாளரைப் பியானோ மாதிரி வாசிப்பதாகச் சொல்லிக்கொள்வார் என்பார்கள். ஸ்கேன் கருவி அதைக் கிட்டத்தட்ட உறுதி செய்துவிட்டது.

இதிலிருந்து, எல்லோர் மூளையையும் ஒரே திசையில் இழுக்கிற படம்தான் நல்ல படம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அப்படியானால் முப்பது நொடி விளம்பரம்தான் உலகின் தலைசிறந்த கலை. ஒப்புமை என்பது இயக்குநரின் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதற்கான அளவு, அவ்வளவே. பள்ளி மன்றத்துக்குக் கொஞ்சம் தளர்ந்த பிடியுள்ள படம் நல்லது என்பது என் கருத்து. ‘மல்லி’யில் காட்டுக்குள் நடக்கிற அந்தச் சிறுமியோடு நாமும் சும்மா நடக்கிற இடங்கள் உண்டு. பேச முடியாத தோழிக்காக நீலமணி தேடிப் போகிறாள், வழியில் அடிபட்ட மான்குட்டி. அதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொன்றைப் பார்த்து வைத்திருக்கும்.

அந்த ஒவ்வொன்றையும் வெளியே கொண்டுவருவதுதான் மன்றம். அதற்குத்தான் கூட்டாளிகள் வேண்டும்.

படம் ஒருவரிடம் இருக்கும், கூடம் இன்னொருவரிடம் இருக்கும், கேள்வி கேட்கத் தெரிந்தவர் மூன்றாவது இடத்தில் இருப்பார். இந்த மூன்றையும் ஒரே பிற்பகலில் ஒரே இடத்தில் சேர்ப்பதற்கு உலகில் பல வழிகளை முயன்றிருக்கிறார்கள். பிரான்சில் 1994 முதல் நடக்கும் ‘பள்ளியும் சினிமாவும்’ திட்டத்தில் கல்வி அமைச்சு, தேசியத் திரைப்பட மையம், உள்ளூராட்சி, ஊர்த் திரையரங்கு எல்லாம் பங்காளிகள். பருவத்துக்கு ஒரு படம் என்ற கணக்கில் ஆசிரியர் பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு ஊர்த் தியேட்டருக்கே போவார். ஆசிரியருக்கு முன்கூட்டியே படத்தைக் காட்டிப் பயிற்சி தருவார்கள், கையில் ஒரு குறிப்பேடும் இருக்கும். படத்தைப் பள்ளிக்குக் கொண்டுவருவதில்லை, பள்ளி படத்திடம் போகிறது. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கான திட்டம் அதற்கும் முன்னால், 1989இலேயே தொடங்கியாயிற்று.

இங்கிலாந்தில் வேறு வழி. இயக்குநர் பீபன் கிட்ரனும் லிண்ட்சே மக்கியும் 2006இல் ஃபிலிம்கிளப் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வகுப்பு முடிந்த பிறகு பள்ளியிலேயே படம். படத்தகடுகள் பள்ளிக்கு வந்துசேரும். பார்த்த பிள்ளைகள் விமர்சனம் எழுதி அனுப்புவார்கள். 2013இல் இது இன்னொரு அமைப்போடு இணைந்து ‘இன்டு ஃபிலிம்’ ஆனது. பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் வழியாக வரும் லாட்டரிப் பணம் அதற்குப் பெரிய தூண். லாட்டரிச் சீட்டு வாங்கித் தோற்றவர்கள் காசில் பிள்ளைகள் இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் படத்தைப் பார்க்கிறார்கள் என்பது ஒரு விதத்தில் நியாயமாகத்தான் படுகிறது.

நம் நாட்டில் இந்த எண்ணம் பிந்தி வந்ததல்ல. சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய மேரி சீட்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1955இல் இந்தியா வந்து, திரைப்படத்தைக் கல்விக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஊர் ஊராகப் பேசினார். அதே ஆண்டில் இந்தியக் குழந்தைகள் திரைப்படச் சங்கம் தொடங்கியது. முதல் தலைவர் எச்.என். குன்ஸ்ரு. கிதார் சர்மாவின் ‘ஜல்தீப்’ அதன் முதல் படம். சத்யஜித் ராய் தலைவராக 1959இல் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு அமைந்தபோது அதில் சென்னைச் சங்கமும் இருந்தது. ஆனால் குழந்தைகள் சங்கம் படம் எடுத்தது, திரைப்படச் சங்கங்கள் பெரியவர்களுக்குப் படம் காட்டின, பள்ளிக்கூடங்கள் பாடம் நடத்தின. மூன்றும் தனித்தனித் தண்டவாளத்தில் ஓடின. குழந்தைகள் படங்கள் பெட்டிக்குள் கிடக்க, பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் அப்பா பார்க்கிற படத்தையே பார்த்தார்கள். 2022 மார்ச்சில் அந்தக் குழந்தைகள் திரைப்படச் சங்கம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுத் தனி அமைப்பாக இல்லாமல் போனது. தமிழகப் பள்ளிகளில் பலூன் பறக்கத் தொடங்கியதும் அதே ஆண்டு.

கூடத்துக்கு இப்போது பஞ்சமில்லை. தமிழகத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. ப்ரொஜெக்டர் இருக்கிறது, திரை இருக்கிறது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்ட வேண்டும், அவ்வளவுதான். சட்டமும் குறுக்கே நிற்பதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்வி நிலையத்தின் செயல்பாடாக, ஆசிரியர், மாணவர், பெற்றோர் போன்ற அந்த நிலையத்தைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் படம் காட்டுவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. வெளியிலிருந்து கைகொடுக்க நினைப்பவர்களுக்கும் வாசல் திறந்திருக்கிறது. நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் அரசுப் பள்ளிகளுக்கு உதவ 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ ஓர் உதாரணம். ஜெர்மனியின் கெதே நிறுவனம் 2005இல் தாய்லாந்தில் தொடங்கிய அறிவியல் திரைப்பட விழா இந்தியப் பள்ளிகள் வரைக்கும் வந்திருக்கிறது. அங்கே படத்துக்குப் பிறகு ஒரு சோதனையோ விளையாட்டோ கட்டாயம் இருக்கும் என்பது அதன் அழகு.

ஆக, பஞ்சம் மூன்றாவது ஆளுக்குத்தான். கேள்வி கேட்கத் தெரிந்தவர். நம் கல்வித் துறைச் சுற்றறிக்கை இதை மறக்கவில்லை. ஆசிரியர் முன்கூட்டியே படத்தைப் பார்த்துவிட வேண்டும், படம் முடிந்ததும் மாணவர்களைப் பேசவைக்க வேண்டும், எழுதவைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. காகிதத்தில் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். நடைமுறையில் கடைசி மணி அடிக்கிற நேரத்தில் படம் முடியும். “என்ன கருத்து தெரிஞ்சுக்கிட்டீங்க?” என்று ஒரு கேள்வி வரும். “நட்பு முக்கியம் சார்” என்று முன்வரிசையிலிருந்து ஒரு பதில் வரும். அத்தோடு பையை மாட்டிக்கொண்டு ஓட்டம். கருத்து கேட்பது எங்கள் தலைமுறையைக் கெடுத்த நோய். படத்தைத் திருக்குறள் உரை மாதிரி பிழிந்து ஒரு வரி எடுத்துவிட்டால் மீதியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று கற்றுக்கொடுத்துவிட்டது.

படத்துக்குப் பிறகு பேசும்போது என்ன ஆகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் போ சீவர்ஸ், தாலியா வீட்லி குழுவினர், சப்தத்தை நீக்கிய, முன்பின் தெரியாத சினிமாத் துண்டுகளை ஆட்களுக்குக் காட்டி மூளையை அளந்தனர். பிறகு அவர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து, இதில் என்ன நடக்கிறது என்று பேசி ஒரு முடிவுக்கு வரச் சொன்னார்கள். மறுபடி அதே துண்டுகளைக் காட்டி அளந்தார்கள். பேசிய குழுவினரின் மூளைகள் முன்பைவிட ஒத்துப்போயின. அந்தக் குழுவுக்குக் காட்டாமல் வைத்திருந்த வேறு துண்டுகளைப் பார்த்தபோதும் அந்த ஒப்புமை தொடர்ந்தது. 2024இல் வெளியான அந்த ஆய்வில் என்னைச் சுண்டி இழுத்தது வேறொன்று. எல்லாம் தெரிந்தவர்போல அதிகம் பேசி மற்றவர்களை அடக்கியவர் இருந்த குழுக்களில் ஒப்புமை குறைந்தது. எல்லோரையும் பேசத் தூண்டிவிட்டு, தன் கருத்தையும் மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்த ஆள் இருந்த குழுக்களில் கூடியது. குழுவில் செல்வாக்கு மிக்கவராகக் கருதப்பட்டவர் முதல் வகையாக இருந்ததும் உண்டு.

வகுப்பறையில் அந்தச் செல்வாக்கு மிக்கவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கையில் சாக்பீஸ் வைத்திருப்பார்.

அதனால்தான் வெளியாள் ஒருவர் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தரமணிக் கல்லூரி மாணவர் ஒருவர் மாதத்தில் ஒரு பிற்பகல் வந்து, அந்த வெட்டு ஏன் அங்கே விழுந்தது என்று கேட்கலாம். செம்பரம்பாக்கத்தில் கலை இயக்கத்தில் வேலை செய்யும் நூம்பல்காரர் ஒருவர் இருந்தால், பலூனைக் கண்ணுக்குத் தெரியாத நூலில் எப்படி இழுத்திருப்பார்கள் என்று காட்டலாம். அவர்களுக்கு மதிப்பெண் போடும் அதிகாரம் இல்லை என்பதே பெரிய தகுதி. இன்னொரு கூட்டாளியும் பக்கத்திலேயே இருக்கிறார். யாரும் அவரை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைபாடுடைய பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அதே துறைக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கேதான். சினிமா பார்வையற்றவர்களுக்கும் உரியது என்பதை மத்திய அரசே இப்போது ஏற்றுக்கொண்டுவிட்டது. 2024 மார்ச்சில் செய்தி ஒலிபரப்பு அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, திரையரங்குக்கு வரும் படங்களில் கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு ஒன்று, பார்வைத் திறன் குறைந்தவர்களுக்கு ஒன்று என அணுகல் வசதி இருக்க வேண்டும். பார்வையற்றவருக்கான வசதி ஒலி வருணனை. வசனத்துக்கும் வசனத்துக்கும் இடையிலுள்ள மௌனத்தில் ஒரு குரல் புகுந்து, திரையில் நடப்பதைச் சொல்லும். அடுத்த வசனம் தொடங்குமுன் முடித்துக்கொள்ளும். ஒரு மூச்சில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதுதான் அந்தத் தொழிலின் சூட்சுமம்.

நூம்பல் பிள்ளைகள் சிலரைப் பூந்தமல்லிப் பிள்ளைகளோடு சேர்த்து உட்காரவைத்து, ‘சிவப்பு பலூ’னை ஓடவிட்டு, வருணனை சொல்லச் சொன்னால்? வசனமே இல்லாததால் 34 நிமிடமும் இவர்கள் வாயில்தான் படம் இருக்கும். வருணனையாளர்கள் கடைப்பிடிக்கும் முதல் விதி, கண்டதைச் சொல், நீயாக அர்த்தம் சொல்லாதே என்பது. கேட்பவருக்கும் தன் அர்த்தத்தைத் தானே கட்டிக்கொள்ளும் உரிமை உண்டு. ஆனால் ஹைடரின் 34 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அது கைவந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். “பலூன் பயந்துபோய் மேல போயிருச்சு” என்று ஒரு பிள்ளை சொல்லும். “பயந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? மேல போச்சுன்னு மட்டும் சொல்லுடா” என்று பக்கத்திலிருப்பவன் திருத்துவான். அப்போது கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளை, இருவருமே சொல்ல மறந்த ஒன்றைக் கேட்கும்:

“கயிறு இப்ப யாரு கையில இருக்கு?”